இனிப்பின் தடங்கள் – 12: வேர் போன பிறகு பிறந்த மிட்டாய்

மார்ஷ்மெல்லோவின் வரலாற்றை எங்கே தேடினாலும் முதல் வரி எகிப்தில்தான் தொடங்குகிறது. சுமார் 4000 ஆண்டுகளுக்கு முன்பு, நைல் நதிச் சதுப்பில் வளர்ந்த ஒரு செடியின் சாற்றைப் பிழிந்து, தேனும் கொட்டைப் பருப்பும் சேர்த்துக் கிளறி, பாரோ மன்னர்களுக்கும் தெய்வங்களுக்கும் மட்டும் படைத்தார்கள். மற்றவர்கள் அதைத் தொடவும் கூடாது என்கிறது அந்தக் கதை. மிட்டாய் விளம்பரங்களிலும் சமையல் புத்தகங்களின் முன்னுரைகளிலும் இது சலிக்காமல் திரும்பத் திரும்ப வருகிறது. இந்தக் கதையை நான் ஏற்கவில்லை. பஞ்சு போன்ற அந்த வெண்ணிற மிட்டாய்த் துண்டு அரண்மனையில் பிறந்த பண்டம் அல்ல. பிரெஞ்சு மருந்தாளர்கள் இருமலுக்குக் கிளறிக் கொடுத்த பசையிலிருந்து வந்தது. அதைவிட முக்கியமான ஒன்றும் உண்டு. எந்தச் செடியின் பெயரை அது இன்றும் தாங்கி நிற்கிறதோ, அந்தச் செடி அதைவிட்டு வெளியேறிய பிறகுதான் அது முழு மிட்டாய் ஆனது. செடியைப் பிடித்துக்கொண்டு வரலாறு எழுதப் போனால் எகிப்துக்குப் போய்விடுவோம். பண்டத்தைப் பிடித்துக்கொண்டு எழுதினால் பாரிஸில் வந்து நிற்போம். இந்த அத்தியாயம் இரண்டாவது வழியில் போகிறது.

செடியை முதலில் பார்த்துவிடலாம். தமிழில் சீமைத்துத்தி என்று இதற்குப் பெயர். நம் வரப்போரத்துத் துத்தி, வெண்டை, செம்பருத்தி, பருத்தி, பூவரசு எல்லாம் இதன் குடும்பம்தான். ஐரோப்பா, மேற்கு ஆசியா, வட ஆப்பிரிக்கா ஆகிய பகுதிகளில் கடலோர உப்புச் சதுப்பிலும் ஆற்றங்கரை ஈரத்திலும் வளரும். இலையிலும் தண்டிலும் மெல்லிய ரோமம் படர்ந்திருக்கும். பூ வெளிர் ரோஜா நிறம். மருந்துக்கு வேண்டியது பெரும்பாலும் வேர். இலையுதிர் காலத்தில் தோண்டி, மேல்தோலைச் சீவி, சிறு துண்டுகளாக நறுக்கிக் காயவைப்பார்கள். அந்தத் துண்டுகளைப் பச்சைத் தண்ணீரில் ஊறப் போட்டால் சில மணி நேரத்தில் தண்ணீர் கொழகொழத்துவிடும். கொதிக்க வைத்தால் வேரிலுள்ள மாவுச்சத்தும் சேர்ந்து கரைந்து கலங்கிப் போகும் என்பதால் பழைய மருந்தாளர்கள் இதற்குக் குளிர்நீரையே விரும்பினார்கள். வெண்டைக்காயை நறுக்கும்போது கையில் ஒட்டுகிற அதே வகைப் பசைதான் இதுவும். தொண்டையின் உட்புறத்தில் படலமாகப் படிந்து எரிச்சலைத் தணிக்கிறது. வறட்டு இருமல் சற்று அடங்குகிறது. அரிஸ்டாட்டிலின் மாணவர் தியோஃப்ராஸ்டஸ் கி.மு. 3ஆம் நூற்றாண்டைச் சுற்றி எழுதிய தாவர நூலிலேயே இந்த வேர் தண்ணீரைத் தடிக்கச் செய்யும் என்ற குறிப்பும், இனிப்பு மதுவில் கலந்து இருமலுக்குக் கொடுப்பார்கள் என்ற குறிப்பும் இருக்கின்றன. கி.பி. முதல் நூற்றாண்டில் டயாஸ்கொரிடீஸ், பிளினி இருவரும் இதை மருந்தாகப் பேசுகிறார்கள். தெளிவாகக் கையில் கிடைக்கும் பழைய சான்றுகள் இவைதாம். மூன்றிலும் வருவது மருந்து, தின்பண்டம் அல்ல.

எகிப்தியர்கள் எழுதாத, வரையாத மக்கள் அல்லர். கி.மு. 16ஆம் நூற்றாண்டை ஒட்டிய ஈபர்ஸ் பாப்பிரஸில் 700-க்கும் மேற்பட்ட மருந்து முறைகள் உள்ளன. அவற்றில் பலவற்றில் தேன் வருகிறது. அதில் வரும் செடிப் பெயர்களில் எது எந்தச் செடி என்பதில் அறிஞர்களிடையே இன்றும் தகராறு உண்டு. எனவே அதில் ஒரு பெயரைச் சுட்டி இதுதான் சீமைத்துத்தி என்று ஒருவர் சொன்னாலும், அது மிட்டாய்க்குச் சான்றாகாது; மருந்துச் சுவடியில் ஒரு மூலிகை இருக்கக்கூடும் என்பதற்குத்தான் சான்று. இனிப்புக்கு வேறு சான்று இருக்கிறது. தீப்ஸ் நகரத்தில், கி.மு. 15ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த ரெக்மிரே என்ற உயர் அமைச்சரின் கல்லறைச் சுவரில் பலகாரம் செய்யும் காட்சி வரிசையாகத் தீட்டப்பட்டிருக்கிறது. கோரைக்கிழங்கு வகையைச் சேர்ந்த ஒரு சிறு கிழங்கை இடித்து மாவாக்குகிறார்கள், தேன் சேர்க்கிறார்கள், கூம்பு வடிவில் பிடிக்கிறார்கள். அந்தக் காலத்து எகிப்தியப் படையல் இனிப்பு எப்படி இருந்தது என்பதற்கு இதைவிட நேரான சாட்சி வேண்டியதில்லை. தேன், மாவு, கொழுப்பு, பேரீச்சை: அவர்களுடைய இனிப்புலகம் இவற்றால் ஆனது. கொழகொழத்த வேர்ப்பசையைக் கிளறிக் கட்டியாக்கியதாக அந்தச் சுவரில் எதுவும் இல்லை.

எழுதி வைக்கவில்லை என்பதால் செய்யவே இல்லை என்று சொல்லிவிட முடியுமா என்று ஒருவர் கேட்கலாம். நியாயமான கேள்வி. ஏழைகளின் சமையலறையைப் பற்றி எந்த நாட்டுச் சுவடியும் அதிகம் பேசியதில்லை. எத்தனையோ பண்டங்கள் தடமின்றி மறைந்திருக்கும். ஆனால் இந்தக் கதை ஏழைகளின் பண்டத்தைப் பற்றியதே அல்ல. மன்னனுக்கும் கடவுளுக்கும் மட்டுமே உரியது என்கிறது. கல்லறைச் சுவர்களிலும் கோயில் படையல் பட்டியல்களிலும் ரொட்டி இத்தனை, பீர் இத்தனை, வாத்து இத்தனை என்று கணக்கு எழுதிய ஒரு நாகரிகம், தெய்வத்துக்கே ஒதுக்கிய இனிப்பை மட்டும் விட்டுவிடும் என்று நம்ப எனக்கு மனம் வரவில்லை. இன்னொரு தடையும் சொல்வார்கள்: அந்தப் பகுதி மக்கள் இந்தக் குடும்பத்துச் செடிகளை உண்டது உண்மைதானே? உண்மைதான். ரோமானியர்கள் இதன் உறவுச் செடியின் கீரையை விரும்பி உண்டார்கள். கவிஞர் ஹோரஸ் தன் எளிய உணவுகளில் அதையும் சேர்க்கிறார். எகிப்தில் இன்றும் வீட்டுக்கு வீடு சமைக்கும் முலுகியா, இதே குடும்பத்தைச் சேர்ந்த சணல் செடியின் கொழகொழத்த கீரைதான். பூண்டும் கொத்தமல்லியும் தாளித்துக் கொட்டிச் சோற்றோடு சாப்பிடுகிறார்கள். அந்த மண்ணில் கொழகொழப்பு நாக்குக்குப் பழகியது என்பதை இது காட்டுகிறது. அது குழம்புச் சட்டிக்குப் போனது என்பதையும் சேர்த்தே காட்டுகிறது.

என் வாதத்துக்கு வலுவான ஆதாரம் எகிப்துக்கு வெளியே, நமக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. கிரேக்க மருத்துவம் அரபு மொழிக்குப் போய், அங்கிருந்து யூனானி என்ற பெயரில் இந்தியாவுக்கு வந்தபோது சீமைத்துத்தியும் உடன் வந்தது. யூனானி மருத்துவத்தில் அதற்கு கத்மி என்று பெயர். சளி, இருமலுக்குக் காய்ச்சிக் குடிக்கும் ஜோஷாந்தா கஷாயத்தில் கத்மி விதை, இலந்தை, அதிமதுரம் எல்லாம் சேரும். இந்த மருத்துவர்கள் இனிப்பு அறியாதவர்கள் அல்லர். சர்க்கரைப் பாகில் மருந்தை ஏற்றும் கலையில் உலகத்துக்கே வழிகாட்டியவர்கள். ஆனாலும் அவர்கள் கையில் கத்மி 1000 ஆண்டுகளாக மருந்தாகவே இருந்துவிட்டது. ஏதென்ஸில், ரோமில், பாக்தாதில், டெல்லியில், ஹைதராபாதில் எங்கும் அது மிட்டாய் ஆகவில்லை. வேர்தான் மூலக்காரணம் என்றால் இத்தனை ஊர்களில் ஓரிடத்திலாவது அது தின்பண்டமாகியிருக்க வேண்டாமா? வேர் மட்டும் போதவில்லை. வேறு ஏதோ வேண்டியிருந்தது.

அந்த வேறு ஏதோ, காற்று. மார்ஷ்மெல்லோவின் கன அளவில் பாதிக்கு மேல் காற்றுதான். எஞ்சியதுதான் சர்க்கரையும் நீரும் அவற்றைப் பிடித்து நிறுத்தும் புரதமும். காற்றை இனிப்புக்குள் அடைக்கும் வித்தை தனியாக, வேறொரு பாதையில் வளர்ந்தது. 10ஆம் நூற்றாண்டில் பாக்தாதில் இப்னு சய்யார் அல்-வர்ராக் தொகுத்த சமையல் நூலில் நாதிஃப் என்ற இனிப்பு வருகிறது. தேனைக் காய்ச்சி, முட்டை வெள்ளைக்கருவோடு கைவலிக்க அடித்து, வெளுத்து உப்பிய பிறகு கொட்டைப் பருப்புச் சேர்ப்பது. மத்தியதரைக் கடலைச் சுற்றி இன்று நூகா, தொர்ரோனே என்ற பெயர்களில் விற்கும் மிட்டாய்களின் மூத்த தலைமுறை அது. எகிப்தியக் கதையில் வரும் தேன், கொட்டைப் பருப்பு, வெண்மை மூன்றும் உண்மையில் பொருந்துவது இந்த நாதிஃபுக்குத்தான். அதில் சீமைத்துத்தி இல்லை. இருமல் வேர் ஒரு வழியிலும் அடித்த வெள்ளைக்கரு இன்னொரு வழியிலும் வந்து பிரான்ஸில் ஒரே பாத்திரத்தில் சேர்ந்தன.

ஏன் பிரான்ஸ் என்பதற்கு ருசி மட்டும் காரணமல்ல. கடை அமைப்பும் காரணம். பாரிஸில் மருந்தாளர்களும் மளிகைக்காரர்களும் நெடுங்காலம் ஒரே சங்கத்தில் இருந்தார்கள். சர்க்கரை, மசாலா, பிசின், மூலிகை எல்லாம் ஒரே கல்லாவில் விலை போயின. 1777 ஏப்ரல் 25 அன்று 16ஆம் லூயி பிறப்பித்த ஆணைதான் இருவரையும் பிரித்து மருந்தாளர்களுக்குத் தனிக் கல்லூரி அமைத்தது. அதற்குள் மருந்தையும் மிட்டாயையும் ஒரே கை செய்து பழகிவிட்டது. பாத் தெ கிமோவ், அதாவது சீமைத்துத்திப் பசை, அந்தக் கையின் வேலை. செய்முறை இதுதான்: வேரைத் தண்ணீரில் ஊறவைத்து வடிகட்டி, அந்தக் கொழகொழத்த நீரில் கருவேல இனத்து மரத்தின் பிசினைக் கரைக்க வேண்டும். மறுபடி துணியில் வடித்து, சர்க்கரை சேர்த்து, மெல்லிய தீயில் அடிபிடிக்காமல் கிளற வேண்டும். தேன் பதத்துக்கு இறுகியதும் நுரைக்க அடித்த வெள்ளைக்கருவைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்து, கை ஓயாமல் கிண்ட வேண்டும். கடைசியில் நாரத்தைப் பூ மணத்துக்கு ஒப்பான ஆரஞ்சுப் பூ நீர். பதம் பார்க்க வெப்பமானி இல்லை. துடுப்பில் எடுத்துப் புறங்கையில் தட்டிப் பார்ப்பார்கள். ஒட்டாமல் விட்டால் இறக்கிவிடலாம். மாவு தூவிய பலகையில் ஊற்றி, ஆறியதும் பட்டைகளாக நறுக்கி விற்றார்கள். தூத்துக்குடி மக்ரூனைத் தின்றவர்களுக்கு வெள்ளைக்கரு நுரையின் வேலை புரியும். அங்கே அது அடுப்பில் காய்ந்து நாவில் பொடியாகிறது, இங்கே பிசின் ஈரத்தைப் பிடித்து வைத்திருப்பதால் மெத்தென்று நின்றது.

அந்தப் பாத்திரத்தில் விழுந்த பொருள்கள் எங்கிருந்து வந்தன என்பதைச் சொல்லாமல் கடந்து போகக் கூடாது. பிசின் செனகல் ஆற்றங்கரையிலிருந்து வந்தது. சாயத் துணித் தொழிலுக்கு அது இன்றியமையாதது. ஏழாண்டுப் போரின்போது 1758இல் பிரிட்டன் அங்கே பிரெஞ்சுக்காரர்களிடமிருந்து செயின்ட் லூயி கோட்டையைப் பிடித்ததற்கு இந்தப் பிசின் வணிகமும் ஒரு காரணம். சர்க்கரை வந்தது கரீபியக் கடலின் சான் தொமிங்கிலிருந்து, இன்றைய ஹைத்தியிலிருந்து. 1789ஐ ஒட்டி அங்கே 5 லட்சத்துக்கு நெருக்கமான ஆப்பிரிக்க மக்கள் அடிமைகளாகக் கரும்புத் தோட்டத்திலும் காப்பித் தோட்டத்திலும் வதைபட்டார்கள். ஐரோப்பாவில் ஒரு மருந்தாளர் இருமல் பசைக்குக் கைநிறையச் சர்க்கரை போட முடிந்தது என்றால் அதன் விலையைக் கொடுத்தவர்கள் அவர்கள். 1791இல் அவர்கள் கிளர்ந்தெழுந்து, 1804இல் விடுதலை நாடு அமைத்தார்கள். பிரான்ஸ் பீட்ரூட் கிழங்கின் பக்கம் திரும்பியது. 1812இல் பாஸியில் இருந்த பெஞ்சமின் தெலெஸ்ஸேரின் ஆலையில் தேறிய பீட்ரூட் சர்க்கரையை நெப்போலியனே நேரில் போய்ப் பார்த்தார். அதன் பிறகுதான் சர்க்கரை மெல்ல மெல்லச் சாதாரண வீடுகளுக்கு எட்டியது. மருந்தாக மட்டும் வாங்க முடிந்ததை ஆசைக்காகவும் வாங்கும் நிலை வந்தது. எகிப்தியக் கதையைச் சொல்லும்போது இந்த மனிதர்கள் எல்லோரும் காணாமல் போய்விடுகிறார்கள். அந்தக் கதை எனக்குப் பிடிக்காததற்கு இதுவே முதல் காரணம்.

19ஆம் நூற்றாண்டில் இன்னொன்று நடந்தது. மருந்தாளர் நூல்களில் இந்தப் பசையின் பெயர் அப்படியே இருக்க, பொருள் பட்டியலிலிருந்து வேர் நழுவிப் போனது. பிசின், சர்க்கரை, வெள்ளைக்கரு, ஆரஞ்சுப் பூ நீர் மட்டும் மிஞ்சின. அந்த நூல்களே, முன்பு இதில் சீமைத்துத்தி சேர்ந்தது, இப்போது இல்லை என்று வெளிப்படையாகச் சொல்கின்றன. காரணம் ஊகிக்கக் கடினமானதல்ல. வேர்ச்சாறு பசையின் வெண்மையைக் கெடுத்து மஞ்சளாக்கும்; ஊறவைக்க நேரம் பிடிக்கும்; கெட்டியாக்கும் வேலையைப் பிசின் ஒன்றே பார்த்துக்கொள்ளும். இது கலப்படம்தானே, ஏமாற்றுதானே என்று கேட்பவர்கள் உண்டு. மருந்தென்று நம்பி வாங்கியவருக்கு அது ஏமாற்றம்தான். அதை மறுக்க மாட்டேன். ஆனால் பெரும்பாலானோர் அதற்குள் மருந்துக்காக வாங்குவதை நிறுத்தியிருந்தார்கள். இதே விதி இன்னொரு பிரெஞ்சு இருமல் பசைக்கும் நேர்ந்தது. இலந்தைப் பழத்தை வேகவைத்துப் பிசினும் சர்க்கரையும் சேர்த்துச் செய்த பாத் தெ ஜூஜூபிலிருந்தும் இலந்தை வெளியேறியது; நம் ஊர்ப் பெட்டிக்கடைப் பாட்டில்களில் கலர் கலராக இருந்த ஜூஜூப்ஸ் அதன் வழிவந்ததே. இரண்டு பசைகள், இரண்டு மூலிகைகள், ஒரே போக்கு. இதைத் தற்செயல் என்று தள்ளிவிட முடியாது. நாக்கு கேட்டது மூலிகையை அல்ல, மெல்லும்போது கிடைக்கும் அந்த இழைவை. கேட்டது கிடைத்த பிறகு மூலிகை சும்மா உட்கார்ந்திருந்தது.

வேருக்குப் பிறகு பிசினும் போனது. அதன் இடத்தைப் பிடித்தது ஜெலட்டின்: விலங்கின் தோலையும் எலும்பையும் காய்ச்சி எடுக்கும் புரதம். இதே பாரிஸில் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜான் பியர் ஜோசப் தார்சே எலும்பிலிருந்து ஜெலட்டின் எடுத்து மருத்துவமனை ஏழைகளுக்கு உணவாக ஊட்டப் பார்த்தார். அது மட்டும் உயிரைக் காக்காது என்று 1841இல் மஜாந்தி தலைமையிலான குழு சொல்லிவிட்டது. சோறாகத் தோற்ற அந்தப் பொருள் மிட்டாயில் வென்றது. அது இறுகிய நிலையிலிருந்து இளகும் சூடு நம் உடல் சூட்டுக்குச் சற்றுக் கீழே இருக்கிறது. அதனால்தான் விரலில் நிற்கும் மார்ஷ்மெல்லோ வாயில் போனதும் கரைகிறது. பிசினால் இது முடியாது. கடைசிவரை மென்றே ஆக வேண்டும். ஜெலட்டினோடு சோளமாவுத் தட்டும் வந்தது. தட்டு நிறைய உலர்ந்த சோளமாவைப் பரப்பி, அதில் குழிகள் பதித்து, அடித்த பாகை ஊற்றி ஆறவிட்டால் ஒரே அளவில் நூற்றுக்கணக்கான துண்டுகள். மாவே ஈரத்தையும் இழுத்துக்கொள்ளும். வேலை தெரிந்த ஒரு கை கடையின் பின்கட்டில் அரைநாள் கிண்டிய பண்டம், தொழிற்சாலைக்குப் போக இந்த இரண்டும் போதுமாக இருந்தன.

அங்கிருந்து கதை அமெரிக்காவில் வேகமாக ஓடுகிறது. 1890களில் அங்கே கோடை வாசஸ்தலங்களில் மார்ஷ்மெல்லோவைக் குச்சியில் குத்தி நெருப்பில் வாட்டுவது இளைஞர்களின் புதுப் பொழுதுபோக்கு ஆகிவிட்டது. வாட்டும்போது உள்ளே அடைபட்ட காற்று விரிகிறது, துண்டு உப்புகிறது, மேல் சர்க்கரை பொன்னிறமாகி மணக்கிறது; இதற்கு ஜெலட்டினும் நுரையும் வேண்டும், வேர் வேண்டாம். 1917இல் ஏஞ்சலஸ் மார்ஷ்மெல்லோ விற்ற சிகாகோ நிறுவனம், பாஸ்டனின் சமையல் ஆசிரியை ஜேனட் மெக்கென்ஸி ஹில்லைக் கொண்டு ஒரு செய்முறைச் சிறுநூல் வெளியிட்டது. சர்க்கரைவள்ளிக்கிழங்கின் மேல் மார்ஷ்மெல்லோ பரப்பிச் சுடும் நன்றித் திருநாள் பண்டம் அதிலிருந்து பரவியது. 1927இல் சாரணியர் வழிகாட்டி நூலொன்றில், பிஸ்கட்டுக்கு நடுவே சாக்லேட்டும் வாட்டிய மார்ஷ்மெல்லோவும் வைக்கும் முறை அச்சேறியது. 1950களில் அலெக்ஸ் டௌமக் என்ற கிரேக்க வழி அமெரிக்கர், பாகைக் குழாய் வழியே நீளமாகத் தள்ளி, குளிரவைத்து, வெட்டும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். நாம் இன்று காணும் உருளை வடிவம் குழாய் கொடுத்த வடிவம். பென்சில்வேனியாவில் பீப்ஸ் என்ற கோழிக்குஞ்சு மார்ஷ்மெல்லோவைக் கையால் பிழிந்து செய்த காலத்தில் ஒன்றை முடிக்க 27 மணி நேரம் ஆனதாகச் சொல்கிறார்கள். இயந்திரம் வந்த பிறகு 6 நிமிடம்.

கடைசியாக ஒரு மறுப்பு. வேரும் போய், பிசினும் போய், சிலவற்றில் வெள்ளைக்கருவும் போன பிறகு, பிரெஞ்சுப் பசைக்கும் இந்தக் குழாய் மிட்டாய்க்கும் என்ன உறவு? எகிப்தை மறுக்கிற அதே கோலால் பாரிஸையும் மறுத்துவிடலாமே என்று கேட்கலாம். முடியாது. பாரிஸிலிருந்து இன்றுவரை ஒவ்வொரு மாற்றமும் செய்தவர் கையிலிருந்து அடுத்தவர் கைக்குப் போனது தெரிகிறது: ஒரு சரக்கு போக இன்னொன்று அந்த இடத்தில் அமர்ந்ததற்குச் செய்முறைகள் சாட்சி. எகிப்துக்கும் பாரிஸுக்கும் நடுவே அப்படி ஒரு கண்ணிகூட இல்லை. அந்த மாற்றம் இன்னும் நிற்கவில்லை என்பதையும் பார்க்கிறோம். ஜெலட்டினில் பன்றி, மாடு சேரும் என்பதால் முஸ்லிம்களும் சைவ உணவினரும் யூதர்களும் அதை ஒதுக்கினார்கள். அவர்களுக்காக மீன் ஜெலட்டினும், கடற்பாசியிலிருந்து எடுக்கும் கராஜீனனும் அகரும் வந்தன. இந்தியாவில் பச்சைப் புள்ளியோடு விற்கும் மார்ஷ்மெல்லோவில் ஜெலட்டின் இருக்க முடியாது. அதன் வேலையை வேறொன்று செய்தாக வேண்டும். ராமநாதபுரம் கடலோரப் பெண்கள் மூங்கில் மிதவைகளில் வளர்க்கும் கப்பாஃபைகஸ் பாசியும் கராஜீனன் எடுக்கத்தான் போகிறது.

இத்தனை மாற்றங்களிலும், சர்க்கரைப் பாகு மணல்போல் உறைந்துவிடாமல் தடுக்கும் ஒரு துணைப்பொருளை இங்கே தொடாமல் விட்டிருக்கிறேன். நெப்போலியன் காலத்துக் கடல் முற்றுகையால் சர்க்கரை கிடைக்காத நாளில், 1811இல் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் கிர்ச்சாஃப் என்ற வேதியியலாளர் மாவுச்சத்தை அமிலத்தில் கொதிக்க வைத்து இனிப்பாக்கினார். அந்தச் சிரப்பு எப்படி உலகத்து மிட்டாய்க் கடைகளையெல்லாம் பிடித்தது என்பது அடுத்த இதழில்.